பென் டிரைவைப் பிடுங்காதீர்கள்: லேப்டாப்பில் வெளிக்கருவிகளைச் செருகவும் கழற்றவும் முழுமையான வழிகாட்டி

அக்கா மகளின் காதணி விழாப் படங்களை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. திரையில் காப்பி பட்டை கடைசிவரை ஓடி மறைந்ததும், சட்டென்று பிடுங்கி அக்கா கையில் கொடுத்து வழியனுப்பினேன். மறுநாள் ஊரிலிருந்து போன் வந்தது. பாதிப் படங்கள் திறக்கவே இல்லை. திறந்தவற்றிலும் சிலவற்றில் மேல் பாதியில் குழந்தை முகம், கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல் நிறம்.

பட்டை முழுவதும் ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் படங்கள் எங்கே போயின? அன்றைக்கு இதற்கு விடை தேடப் போய்த்தான், தினமும் செய்யும் இந்தச் சின்ன வேலைக்குப் பின்னால் எவ்வளவு நடக்கிறது என்று புரிந்தது. அதைத் தெரிந்துகொண்டால் கீழே சொல்லும் படிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பட்டை ஓடி முடிந்தால் காப்பி முடிந்ததா?

பென் டிரைவும் ஹார்ட் டிஸ்க்கும் கணினியின் நினைவகத்தோடு ஒப்பிட்டால் மிக மெதுவானவை. ஒவ்வொரு துணுக்கையும் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தால் மற்ற வேலைகள் எல்லாம் தேங்கிவிடும். அதனால் இயங்குதளம் தகவலை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, 'ஆயிற்று' என்று சொல்லிவிடுகிறது. பிறகு பின்னணியில் சாவகாசமாகக் கருவிக்கு அனுப்புகிறது. இதற்கு ரைட் கேஷிங் என்று பெயர். கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டோம் என்பதற்கும், அது உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கும் உள்ள இடைவெளிதான் இது. அன்று என் லேப்டாப்பில் ஓடியது உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளம். லினக்ஸ் இந்த இடைக்கிடங்கைத் தாராளமாகப் பயன்படுத்தும். நான் பிடுங்கிய நேரத்தில் பாதிப் படங்கள் இன்னும் லேப்டாப்பின் நினைவகத்தில், அதாவது ரேமில்தான் இருந்திருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. கோப்பின் உள்ளடக்கம் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. எந்தக் கோப்பு, டிரைவில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று ஓர் அட்டவணையில் குறிக்கப்பட வேண்டும். அந்த வரி எழுதப்படாவிட்டால், நிலம் கைக்கு வந்தும் பட்டா மாறாத கதைதான்: தகவல் உள்ளே இருக்கும், ஆனால் யாருக்கும் கண்ணில் படாது. அட்டவணையை எழுதிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினால் இன்னும் மோசம். அப்போது நேற்று ஏற்றிய பழைய கோப்புகளும் சேர்ந்து காணாமல் போகலாம்.

விண்டோஸில் இந்த ஆபத்து இப்போது குறைந்திருக்கிறது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, அதாவது 2018-இன் பிற்பகுதியிலிருந்து, வெளி டிரைவ்களுக்கு 'குயிக் ரிமூவல்' என்ற முறையை மைக்ரோசாஃப்ட் இயல்பாக வைத்திருக்கிறது. இதில் கேஷிங் அணைக்கப்பட்டிருக்கும். எஜெக்ட் செய்யாமலே, அதாவது கழற்றப்போகிறேன் என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லாமலே கழற்றலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். ஆனாலும் நான் எஜெக்ட் செய்துதான் கழற்றுகிறேன். ஏதோ ஒரு புரோகிராம் பின்னணியில் அந்த டிரைவில் எழுதிக்கொண்டிருந்தால் குயிக் ரிமூவல் அதைத் தடுத்து நிறுத்தாது. எஜெக்ட் கொடுத்தால்தான் 'யாரோ இன்னும் பயன்படுத்துகிறார்கள்' என்று விண்டோஸ் நமக்குச் சொல்லும்.

உங்கள் டிரைவ் எந்த முறையில் இருக்கிறது என்று பார்க்க, ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். டிஸ்க் டிரைவ்ஸ் என்பதன் கீழே உங்கள் கருவியை இருமுறை சொடுக்கி, பாலிசீஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' தேர்வாகியிருந்தால் எஜெக்ட் செய்யாமல் அந்த டிரைவைத் தொடவே கூடாது.

செருகுவதற்கு முன்

பென் டிரைவ், மவுஸ் எல்லாம் செருகும் யு.எஸ்.பி. என்ற இணைப்பு முறை 1996-இல் வந்தது. இன்டெல் நிறுவனத்தில் இந்தியாவில் பிறந்த பொறியாளர் அஜய் பட் இருந்த குழு இதில் முக்கியப் பங்காற்றியது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே செருகலாம், கழற்றலாம் என்பதே இதன் நோக்கங்களில் ஒன்று. பழைய அகலமான ஏ வகை பிளக்கின் உள்ளே பார்த்தால் 4 உலோகப் பட்டைகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் மின்சாரத்துக்கு, நடுவில் உள்ள இரண்டும் தகவலுக்கு. ஓரப் பட்டைகள் சற்று நீளமானவை. அதனால் செருகும்போது மின்சாரம் முதலில் சேர்கிறது, கழற்றும்போது கடைசியில் பிரிகிறது. ஆகவே சட்டென்று பிடுங்கினால் பெரும்பாலும் கருவி எரிந்துபோகாது. பாதிக்கப்படுவது உள்ளே இருக்கும் கோப்புகள்தான்.

எந்த போர்ட்டில் செருகுகிறீர்கள் என்பது முக்கியம். 2000-இல் வந்த யு.எஸ்.பி. 2.0-இன் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் கிடைத்தால் நல்லது. 2008-இல் வந்த 3.0-இன் உச்ச வேகம் 5 ஜிகாபிட். 100 ஜி.பி. கல்யாண வீடியோவை ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்ற, 2.0 போர்ட்டில் சுமார் முக்கால் மணி நேரம் ஆகும். 3.0 போர்ட்டில் டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் எழுதினால் சுமார் 17 நிமிடத்தில் முடியும். உள்ளே நீல நிறப் பிளாஸ்டிக் இருந்தால் அது பெரும்பாலும் 3.0 போர்ட். எல்லா நிறுவனங்களும் நீலம் வைப்பதில்லை, அதனால் கறுப்பாக இருப்பதெல்லாம் 2.0 என்று முடிவுகட்ட வேண்டாம். நீலப் போர்ட்டிலும் வேகம் மந்தமாக இருந்தால், முறையாகக் கழற்றிவிட்டு, தயங்கித் தயங்கி நுழைக்காமல் ஒரே அழுத்தாகச் செருகிப் பாருங்கள். கூடுதல் வேகத்துக்கான பட்டைகள் உள்ளே தள்ளி இருக்கின்றன. மெதுவாகச் செருகும்போது சில சமயம் அவை சேர்வதற்குள் கருவி 2.0 என்றே பதிவாகிவிடும்.

சி வகைப் போர்ட்டை எந்தப் பக்கமாகவும் செருகலாம். ஆனால் எல்லா சி போர்ட்டும் எல்லாம் செய்யும் என்று நினைக்கக் கூடாது. பக்கத்தில் மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு, பேட்டரி படம் இருந்தால் சார்ஜ் வசதி. ஒரு குறியும் இல்லையென்றால் லேப்டாப்போடு வந்த கையேட்டைப் பார்ப்பதே வழி.

அடுத்தது மின்சாரம். 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தரும், 3.0 போர்ட் 900 தரும். சுழலும் ஹார்ட் டிஸ்க் கிளம்பும் நொடியில்தான் அதிகம் இழுக்கும். தனி அடாப்டர் இல்லாத யு.எஸ்.பி. ஹப்பில் மவுஸ், கீபோர்டு, டாங்கிள் எல்லாம் மாட்டி அதிலேயே ஹார்ட் டிஸ்க்கையும் செருகினால் அது சுழலத் திணறும். 'டிக் டிக்' என்று ஒலித்து நின்று, மறுபடி கிளம்ப முயலும். ஹார்ட் டிஸ்க்கை எப்போதும் லேப்டாப்பின் சொந்த போர்ட்டில், அதனோடு வந்த குட்டைக் கேபிளில் மாட்டுங்கள். கேபிளை மாற்ற நேர்ந்தால் அது தகவல் கடத்தும் கேபிள்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சார்ஜ் மட்டும் செய்யும் மலிவுக் கேபிள்களில் நடு இரண்டு கம்பிகள் இருப்பதே இல்லை.

வைக்கும் இடமும் பார்க்க வேண்டும். மெத்தையிலோ மடியிலோ வேண்டாம், ஆடாத மேசை வேண்டும். சுழலும் டிஸ்க்கில் தகவலைப் படிக்கும் முனை தட்டுக்கு மேலே முடியிழையைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. ஓடும்போது லேசாக இடித்தாலே முனை தட்டில் உரசலாம்.

செருகிய பிறகு

'டிங் டாங்' என்று ஓசை கேட்டு, விண்டோஸ் விசையோடு ஈ அழுத்தியதும் டிரைவ் பட்டியலில் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் வேறு போர்ட், வேறு கேபிள், வேறு கணினி என்று இந்த வரிசையில் மாற்றிப் பாருங்கள். அப்புறமும் இல்லையென்றால் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். அங்கே டிரைவ் இருந்து, எழுத்து மட்டும் இல்லையென்றால், அதன்மேல் ரைட் கிளிக் செய்து டிரைவ் லெட்டர் கொடுத்தால் போதும்.

இங்கே இரண்டு கேள்விகள் வரலாம். இரண்டுக்கும் யோசிக்காமல் 'கேன்சல்' கொடுங்கள். ஒன்று, டிரைவைப் பயன்படுத்த 'ஃபார்மட்' செய்ய வேண்டும் என்பது. மற்றொன்று, டிஸ்க்கை 'இனிஷியலைஸ்' செய்ய வேண்டும் என்பது. கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்த காலி டிஸ்க் என்றால் மட்டுமே சம்மதிக்கலாம். உள்ளே உங்கள் கோப்புகள் இருக்கும் டிஸ்க் இப்படிக் கேட்டால், பெரும்பாலும் அட்டவணை பழுதாகியிருக்கிறது என்று பொருள். சரி கொடுத்தால் மீட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் போய்வந்த பென் டிரைவ் என்றால், திறக்கும் முன் அதன்மேல் ரைட் கிளிக் செய்து வைரஸ் சோதனை ஓட்டுங்கள். உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் மறைந்து அவற்றின் இடத்தில் ஷார்ட்கட்கள் நின்றால் எதையும் சொடுக்காதீர்கள். அசல் ஃபோல்டர்கள் பெரும்பாலும் ஒளித்துவைக்கப்பட்டு அங்கேயே இருக்கும். பிரிண்ட் எடுக்க மட்டும் என்றால், அந்த ஒரு கோப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத தனிப் பென் டிரைவ் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

விண்டோஸில் கழற்றும் முறை

1. டிரைவிலிருந்து திறந்த கோப்புகளை எல்லாம் மூடுங்கள். வேர்டில் திறந்த ஆவணம், ஓடும் பாட்டு, பார்த்துக்கொண்டிருந்த படம் எல்லாம்தான்.

2. டிரைவில் சிறு விளக்கு இருந்தால் அது மின்னுவது நிற்கட்டும்.

3. திரையின் வலது கீழ் மூலையில், கடிகாரத்துக்கு இடப்பக்கம் உள்ள சிறு மேலம்புக் குறியைச் சொடுக்குங்கள். யு.எஸ்.பி. பிளக் வடிவ ஐகான் தெரியும்.

4. அதைச் சொடுக்கி, வரும் பட்டியலில் உங்கள் கருவியின் பெயருக்கு முன் 'எஜெக்ட்' என்று உள்ள வரியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு டிரைவ்கள் மாட்டியிருந்தால் பெயரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐகான் சிக்காவிட்டால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்தாலும் எஜெக்ட் இருக்கும்.

5. பாதுகாப்பாகக் கழற்றலாம் என்ற செய்தி வரும்வரை காத்திருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் செய்தி வந்த பிறகும் பத்து நொடி பொறுங்கள். கையை மேலே வைத்தால் அதிர்வு அடங்குவது தெரியும். தனி அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க்கில் எஜெக்ட் செய்து சுழற்சி நின்ற பிறகே சுவிட்சை அணைக்க வேண்டும்.

6. கேபிளைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்து நேராக இழுங்கள். மேலும் கீழும் ஆட்டினால் போர்ட்டின் உள்ளே உள்ள பட்டைகள் தளரும். ஹார்ட் டிஸ்க்குகளில் வரும் அகலமான இரட்டைத் தலை மைக்ரோ பிளக் இதில் ரொம்ப மென்மையானது.

லேப்டாப் மூடி, உறக்கத்தில் இருக்கும்போது டிரைவைக் கழற்றுவது பலருக்கும் பழக்கம். அது கழற்றுவதற்கான நேரமே இல்லை. திறந்த கோப்புகள் அப்படியே உறைந்து நிற்கின்றன. எழுப்பி, எஜெக்ட் செய்து, பிறகு கழற்றுங்கள்.

'கருவி பயன்பாட்டில் உள்ளது' என்று வந்தால்

எல்லோரும் பொறுமை இழந்து பிடுங்குவது இங்கேதான். எல்லாவற்றையும் மூடிவிட்டோமே, இன்னும் என்ன என்று தோன்றும். பெரும்பாலும் யாரோ ஒருவர் உண்மையிலேயே பிடித்துக்கொண்டிருப்பார். யாரென்று கண்டுபிடிப்பது அவ்வளவு சிரமமில்லை.

முதலில் ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி முயலுங்கள். வைரஸ் சோதனையோ, படங்களுக்குச் சிறு முன்தோற்றம் தயாரிக்கும் வேலையோ நடந்துகொண்டிருந்தால் தானாக முடிந்துவிடும். பிறகு அந்த டிரைவைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னல்களை மூடுங்கள். மூடியதாக நினைக்கும் சில புரோகிராம்கள் கடிகாரத்தின் பக்கத்தில் ஒளிந்து ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு பிளேயர், பேக்கப் மென்பொருள், டோரண்ட் ஆகியவை இந்த ரகம். அங்கேயே ரைட் கிளிக் செய்து முழுதாக வெளியேறுங்கள்.

அதற்கும் அசையவில்லையா? விண்டோஸ் தானே ஒரு குறிப்பு எழுதி வைக்கிறது, இதை அதிகம் பேர் பார்ப்பதில்லை. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதில் சிஸ்டம் என்று போங்கள். மேலே அண்மையில் வந்தவற்றில் 225 என்ற எண்ணோடு, கெர்னல் பி.என்.பி. என்ற மூலத்திலிருந்து ஒரு பதிவு இருக்கும். எந்தப் புரோகிராம் கழற்றவிடாமல் தடுத்தது என்று அதில் பெயரோடு எழுதியிருக்கும். அந்தப் புரோகிராமை மூடினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

தடுப்பது எக்ஸ்ப்ளோரர்தான் என்று அதில் வந்தால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். திரை ஒரு நொடி மறைந்து மீளும், பயப்பட வேண்டாம். பிறகு டாஸ்க் மேனேஜரையும் மூடிவிட்டு எஜெக்ட் செய்யுங்கள். சில சமயம் தடுப்பது அதுவாகவே இருக்கும்.

கடைசி வழி, லேப்டாப்பை முழுதாக அணைப்பது. விண்டோஸ் 8-இலிருந்து சாதாரண ஷட் டவுன் எப்போதும் முழு ஷட் டவுன் இல்லை. அடுத்த முறை வேகமாகக் கிளம்புவதற்காக நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ஷட் டவுனைச் சொடுக்கினால் முழுதாக அணையும். விளக்குகள் அணைந்த பிறகு கழற்றுங்கள்.

மேக்கிலும் உபுண்டுவிலும்

மேக்கில் ஃபைண்டரின் இடப்பக்கப் பட்டியலில் டிரைவின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எஜெக்ட் குறியைச் சொடுக்கினால் போதும். மேக் இந்த விஷயத்தில் கறாரானது, எஜெக்ட் செய்யாமல் கழற்றினால் உடனே எச்சரிக்கும். உபுண்டுவிலும் ஃபைல்ஸ் ஜன்னலில் அதே குறிதான். ஆனால் அழுத்திய பிறகு பெரிய கோப்பு என்றால் பல நிமிடங்கள்கூட ஆகலாம். மீதி எழுதப்படுவது அந்த நேரத்தில்தான். அன்று நான் அதற்குக் காத்திருக்கவில்லை.

டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்க எக்ஸ்ஃபேட், ஃபேட் 32, என்.டி.எஃப்.எஸ். என்று பல முறைகள் உண்டு. விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றிலும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்வது வசதி. ஃபேட் 32-இல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. என்.டி.எஃப்.எஸ். டிரைவை மேக் தானாகப் படிக்கும், அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறையும் உண்டு. என்.டி.எஃப்.எஸ். தான் செய்யும் மாற்றங்களை ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டே போவதால், இடையில் அறுந்தாலும் அட்டவணையைச் சரிசெய்துகொள்ளும். எக்ஸ்ஃபேட்டுக்கு அந்த நாட்குறிப்பு இல்லை. எனவே அதை எஜெக்ட் செய்யாமல் கழற்றுவது கூடுதல் ஆபத்து.

எஜெக்ட் தேவைப்படாதவை

மவுஸ், கீபோர்டு, ஹெட்போன், வெப்கேம், எச்.டி.எம்.ஐ. கேபிள் ஆகியவற்றைத் தாராளமாகக் கழற்றலாம். பிரிண்டரையும் அச்சு ஓடாத நேரத்தில் கழற்றலாம். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைக்கும்போது அதன் சேமிப்பகத்தைப் போனே நிர்வகிக்கிறது. காப்பி நடக்காத நேரத்தில் கழற்றினால் ஒன்றும் ஆகாது. கேமராவின் மெமரி கார்டு அப்படியல்ல, அதைப் பென் டிரைவ் போலவே எஜெக்ட் செய்ய வேண்டும். டாக் என்ற இணைப்புப் பெட்டியை ஒரே கேபிளில் கழற்றுபவர்கள், அதில் ஏதாவது டிரைவ் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தெரியாமல் பிடுங்கிவிட்டால்

குழந்தை காலில் கேபிள் மாட்டி இழுபடலாம், நாமே மறந்துபோகலாம். எப்படியானாலும் அதே கணினியில் மறுபடி செருகுங்கள். டிரைவைச் சோதித்துச் சரிசெய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். படிக்க முடிகிற கோப்புகளை முதலில் லேப்டாப்புக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள். பிறகு சரிசெய்ய விடுங்கள். சரிசெய்யும் கருவி அட்டவணையைத்தான் ஒழுங்குபடுத்தும், சொந்தக்காரன் தெரியாத துண்டுகளை ஃபவுண்ட் என்று தொடங்கும் ஒரு ஃபோல்டரில் பெயரில்லாமல் ஒதுக்கிவிடும்.

கோப்புகளே காணவில்லை என்றால் அந்த டிரைவில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், அட்டவணை இல்லாமலே டிரைவைத் துழாவிப் படங்களையும் ஆவணங்களையும் மீட்கும். கோப்புப் பெயர்கள் திரும்பக் கிடைக்காது, படம் கிடைக்கும். மீட்பதை வேறொரு டிரைவில்தான் சேமிக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்து டிக் டிக் என்று சத்தம் போட்டால் இது எதையும் முயலாமல் உடனே கழற்றி, தகவல் மீட்பு செய்பவர்களிடம் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறை சுழலவிடுவதும் தட்டைக் கீறக்கூடும்.

அசலை அழிக்கும் முன்

முக்கியமான கோப்புகளைக் கட் செய்து ஒட்டாதீர்கள், காப்பி செய்யுங்கள். காப்பி முடிந்ததும் டிரைவிலிருந்து ஒரு படத்தைத் திறந்து பார்த்துத் திருப்தி அடைவது போதாது. அந்த நேரத்தில் கணினி ரேமில் இருக்கும் பிரதியையே எடுத்துக் காட்டக்கூடும். எஜெக்ட் செய்து, கழற்றி, மறுபடி செருகுங்கள். ஃபோல்டரில் எத்தனை கோப்புகள், மொத்த அளவு எவ்வளவு என்று இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். முதலில் இருந்து ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று திறந்து பாருங்கள். வீடியோ என்றால் கடைசி நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள்.

காதணி விழாப் படங்கள் பிழைத்தது அந்த வாரம் நான் கேமரா கார்டை அழிக்காமல் விட்டிருந்ததால்தான். அடுத்த ஞாயிறு அக்கா வீட்டுக்கே லேப்டாப்பைக் கொண்டுபோய், அங்கேயே காப்பி செய்து, எஜெக்ட் செய்து, டி.வி.யில் மாட்டி, எல்லோரும் உட்கார்ந்து 412 படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் கார்டை அழித்தேன்.